மாற்றுப்பிள்ளை

ஷாயோ ஆற்றில் சணல் ஊறப்போட்டால் ஊரே நாறும். அந்த நாற்றம் அக்கரைக்கும் போகும், இக்கரைக்கும் வரும். கொஞ்ச காலம் முன்புவரை அக்கரையும் இக்கரையும் ஒரே கெமெர் மாவட்டம்தான். இப்போது அக்கரை, பெரிய சண்டைக்குப் பிறகு முளைத்த செக் இனத்தாரின் புதுத் தேசம். பெரிய சந்தை, கோர்ட்டு, சுரங்கம், காடு, மலை எல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டன. இங்கே மிஞ்சியது ஆற்றோரமாக ஒரு துண்டு. அந்தத் துண்டுக்கும் கெமெர் மாவட்டம் என்றே பெயர் வைத்து, புத்னோக் என்ற சின்ன ஊரை அதற்குத் தலைநகரம் என்றார்கள். உடம்பு போன பிறகு வாலுக்குத் தொப்பி போட்ட கதை என்று ஷாயோபெரெக் கிராமத்து ஜனங்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் வேறென்ன செய்வது?

லீதியா பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றாள். சணல் கட்டுகளை அமுக்கியிருந்த கற்களைப் புரட்டிப் போட்டுவிட்டு, கட்டுகளை ஒவ்வொன்றாக அலசிக் கரைப்பக்கம் தள்ளினாள். செப்டம்பர் கடைசித் தண்ணீர் எலும்புவரை குத்தியது. கரையில் ஜோஃப்கா கட்டுகளை வாங்கி, அடிப்பக்கத்தைப் பரப்பிக் காய்வதற்கு நிறுத்திவைத்தாள். பன்னிரண்டு வயதுப் பெண். வேலை செய்கிற கை.

"நாளைக்குத் தன் வீட்டுக்குப் போகப்போற புள்ளைய இன்னைக்கும் வேலை வாங்கணுமா ஒனக்கு?" என்றாள் ஷாரா. பக்கத்து வீட்டுக்காரி, சண்டையில் புருஷனைப் பறிகொடுத்தவள். அவள் வாய் சும்மா இருக்காது.

"நான் எங்க வாங்குறேன்? வராதன்னுதான் சொன்னேன். கேட்டாத்தானே!"

"எங்க ஊர்லயும் இப்ப இதே வேலதான் நடக்கும் பெரியம்மா," என்றாள் ஜோஃப்கா. "யூதித்தும் இந்நேரம் தண்ணியில எறங்கி நிப்பா."

மகள் பெயரைக் கேட்டதும் லீதியா சட்டென்று நிமிர்ந்தாள். "அப்படின்னா நீ கரையிலயே நில்லு. தண்ணிக்குள்ள கால வச்சே, பாத்துக்க."

"அடி பைத்தியக்காரி!" ஷாராவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இவ காலு நனைஞ்சா அங்க அவளுக்குச் சளி பிடிக்குமாக்கும்?"

"பிடிக்கும்," என்றாள் லீதியா. அவள் சிரிக்கவில்லை.

பிள்ளையை மாற்றி வளர்ப்பது கெமெர்க்காரர்களின் வழக்கம். மேட்டில் ஸ்லோவாக்குகள், பள்ளத்தில் லீதியாவின் ஜனமான மாக்யார்கள், இடையிடையே ஜெர்மன்காரர்கள், சந்தைக்குச் சந்தை யூதர்கள் என்று எல்லாரும் கலந்து கிடந்த மாவட்டம். மேட்டில் நெருப்புக்கு விரியாத பானை வனைய மண் உண்டு, கோதுமை கிடையாது. பள்ளத்தில் கோதுமை உண்டு, அந்த மண் கிடையாது. மேட்டுக் குயவன் வண்டி நிறையப் பானையோடு இறங்குவான். பானை நிறையக் கோதுமை அளந்து கொட்டினால் பானை உங்களுக்கு, கோதுமை அவனுக்கு. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு இரண்டு பாஷையும் வேண்டும். அதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு? ஒரு பிள்ளையைக் கொடுத்து ஒரு பிள்ளையை வாங்கிக்கொள்வார்கள். செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் நாளில் போன பிள்ளை மறு வருஷம் மிக்கேல் நாளில் வாயில் இன்னொரு பாஷையோடு திரும்பி வரும். சிலதுக்குச் சொந்த பாஷை மறந்தே போயிருக்கும். அதைப் பேசவிட்டு ஊரே வயிறு வலிக்கச் சிரிக்கும்.

இதற்கு எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. உன் பிள்ளை என் வீட்டில், என் பிள்ளை உன் வீட்டில். இதைவிடப் பெரிய ஜாமீன் உண்டா? என் பிள்ளைக்கு நீ போடுவதை உன் பிள்ளைக்கு நான் போடுவேன். லீதியா அதைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். இவளுக்கு நான் செய்வதுதான் அங்கே என் மகளுக்கு நடக்கும் என்று நம்பினாள். ஜோஃப்கா பாலைக் கொட்டியபோது ஓங்கிய கையை அப்படியே கீழே போட்டாள். குளிர்காலத்தில் தன் கம்பளிச் சால்வையைப் பிரித்து அவளுக்குக் காலுறை பின்னிப் போட்டாள்.

லீதியாவின் புருஷன் கெதெயோனும் சின்ன வயதில் மாற்றுப்பிள்ளையாகப் போனவன்தான். மேட்டில் ஹர்னோவ்கா கிராமத்தில் குயவன் வீட்டில் அவன் ஒரு வருஷம் இருக்க, அந்த வீட்டுப் பையன் சமோ இங்கே இருந்தான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கூடப்பிறந்தவர்கள் மாதிரிதான். கெதெயோன் பட்டாளத்தில் போய்ப் பிடிபட்டு ருஷ்யாவில் கைதியாகக் கிடந்தபோது, சமோ பானை வண்டியோடு வந்து, "மதினி, எம்மூத்தவள விட்டுட்டுப் போறேன், யூதித்தக் குடுங்க. மேட்டுல சண்டை சத்தமும் கேக்காது, ஆட்டுப்பாலுக்கும் பஞ்சமில்ல," என்றான். லீதியா ஒன்பது வயது மகளைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தாள்.

பிள்ளைகள் மாறிய கொஞ்ச நாளிலேயே அந்தப் பாழாய்ப்போன விஷக்காய்ச்சல் வந்தது. பிறகு சண்டை நின்றது, ராஜாங்கம் போனது. செக்குப் பட்டாளம் வந்தது, அதை விரட்ட இந்தப் பக்கத்துப் பொதுவுடைமைக்காரர்களின் சிவப்புப் பட்டாளம் போனது, மறுபடி செக்குப் பட்டாளம் வந்தது. கடைசியில் எங்கேயோ பாரீஸ் பக்கத்தில் உட்கார்ந்து யாரோ ஒரு கோடு போட்டார்கள். அது ஷாயோ ஆற்றின் மேல் விழுந்தது. ஒரு வருஷத்துக்குப் போன யூதித் இரண்டு வருஷமாக அக்கரையில் இருக்கிறாள். ஓட்டைப் பானைக்குக் கம்பி கட்டுகிற ஒருத்தன் மட்டும் எப்படியோ ஆற்றைத் தாண்டி வருவான். "குயவன் சொல்லிவிட்டான், புள்ள நல்லா இருக்காளாம், வளந்துட்டாளாம்" என்பான். லீதியா அவனுக்கு ஒரு தட்டு அவரை சூப் ஊற்றுவாள்.

கெதெயோன் இந்தக் கோடையில்தான் சைபீரியாவிலிருந்து வந்து சேர்ந்தான். வந்தது பாதி ஆள். நெஞ்சு முழுக்க இரைச்சல். புத்னோக் டாக்டர் காது வைத்துக் கேட்டுவிட்டு, நல்லதாகச் சமைத்துப் போடு என்று லீதியாவிடம் சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று ஊருக்குத் தெரியும். கெதெயோனுக்கும் தெரியும். மகளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

அவனுக்காகத்தான் லீதியா பாலத்துக் காவல் ஏட்டின் காலைப் பிடித்தாள். வீட்டு வாத்துகள் ஒவ்வொன்றாக ஏட்டு வீட்டுக்கு நடந்தன. கடைசியில் ஏட்டு அக்கரை அதிகாரியிடம் பேசி ஏற்பாடு செய்தார். மிக்கேல் நாள் காலையில் ஒரு பிள்ளை போகலாம், ஒரு பிள்ளை வரலாம். ஒன்றுக்கு ஒன்று. இரண்டு தேசங்களும் தலை எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு தலை கூடவும் விடமாட்டார்கள், குறையவும் விடமாட்டார்கள்.

ஆற்றிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வந்தபோது கெதெயோன் அடுப்போரக் கட்டிலில் சாய்ந்திருந்தான்.

"நாளைக்குக் காலையிலதானே?" என்றான்.

"காலையிலதான். பத்து தரம் கேட்டாச்சு."

"பதினோராவது தரம் கேக்க ஆள் இருக்கான்னு சந்தோசப்படு."

"வாயப் பாரு! பேசுனா இருமல் வரும், பேசாம இருங்க."

"லீதி, அவ மூஞ்சி எப்படி இருக்கும்? அஞ்சு வயசுல பாத்தது. கண்ண மூடுனா மூஞ்சியே வரமாட்டேங்குது."

"ஒங்கம்மா மூஞ்சிதான்."

"ஐயையோ," என்றான் கெதெயோன். ஜோஃப்கா சிரித்துவிட்டாள். இந்தச் சில மாதங்களில் அந்தப் பெண் அவனோடு நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன மூட்டை கட்டாம நிக்கிற? அம்மாவப் பாக்க ஆசையில்லையா?"

"இருக்கு பெரியப்பா. ஆனா அம்மாகிட்ட என்ன பேசுறதுன்னே தெரியல. அகப்பைக்கு எங்க பாஷையில என்ன பேருன்னு காலையிலருந்து யோசிக்கிறேன், வரல."

கெதெயோன் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தான். அவள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். லீதியா மாவு பிசைய உட்கார்ந்தாள். நாளைக்குக் கசகசாவும் சர்க்கரையும் தூவிய நூடுல்ஸ், யூதித்துக்கு உயிர். இவளை அனுப்ப வேண்டுமே என்ற துக்கமும் அவள் வருகிறாளே என்ற சந்தோஷமும் சேர்ந்ததில் மாவில் எத்தனை முட்டை உடைத்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

காலையில் ஆற்றின் மேல் பஞ்சு மாதிரி மூடுபனி. பாலத்தின் நடுவில் ஒரு கட்டை குறுக்கே கிடந்தது. இந்தப் பக்கம் ஏட்டு, அந்தப் பக்கம் ஒரு செக்குச் சிப்பாய். பனிக்குள்ளிருந்து முதலில் சமோவின் தொப்பி தெரிந்தது. அப்புறம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். சின்னப் பெண். லீதியாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பாவிகள், பிள்ளைக்குச் சோறு போடவில்லை, இரண்டு வருஷத்தில் ஒரு விரல்கடை வளரவில்லையே!

அந்தப் பெண் தலையை நிமிர்த்தியது.

ஜோஃப்காவின் கை லீதியாவின் கைக்குள் இறுகியது. "பெரியம்மா, அது பெத்கா. எந்தங்கச்சி."

ஏட்டு சமோவின் அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு, முத்திரை சரிபார்க்க அக்கரைக் கொட்டகைக்குப் போனார். சிப்பாய்க்கு மாக்யார் பாஷை ஒரு சொல்லும் தெரியாது. அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து புகைபிடித்தான். சமோ தொப்பியைக் கழற்றினான்.

"மதினி."

"யூதித் எங்க?"

அவன் பெத்காவைத் தன் முன்னால் நகர்த்தி நிறுத்தினான்.

"காய்ச்சலா? நடக்க முடியலையா? வண்டியில இருக்காளா? கோவமா? வரமாட்டேன்னுட்டாளா?" ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கேட்டாள் லீதியா.

"அந்த மொத வருஷமே மதினி," என்றான் சமோ. "அந்தக் காய்ச்சல்ல. இவளும் அவளும் ஒரே கட்டில்லதான் கெடந்தாங்க. இவ எந்திரிச்சுட்டா."

அதே இலையுதிர்காலத்தில் இங்கே ஜோஃப்கா கண் திறக்காமல் கிடந்தாள். லீதியா காடியில் துணி நனைத்து அவள் காலில் சுற்றினாள். ஸ்பூன் ஸ்பூனாகக் கஷாயம் ஊற்றினாள். தூக்கம் வந்தபோதெல்லாம் தன்னையே கிள்ளிக்கொண்டாள். இவள் பிழைத்தால் அவள் பிழைப்பாள் என்று ஒரே பிடியாக உட்கார்ந்திருந்தாள். இவள் பிழைத்தாள். அன்றைக்கு லீதியா மாட்டுக்கொட்டிலில் போய் மண்டியிட்டுக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். அதை இப்போது நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ரெண்டு வருஷமா நல்லா இருக்கா, வளந்துட்டான்னு சொல்லிவிட்டியே சமோ."

"சொல்லணும்னுதான் இருந்தேன். ஜோஃப்கா ஒங்க வீட்டுல இருந்தா மதினி."

"இருந்தா? இருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? பட்டினி போட்டிருப்பேனா? ஆத்துல புடிச்சுத் தள்ளியிருப்பேனா? நீ எங்க வீட்டுச் சோத்தத் தின்னவன்தானே! ஒனக்குத் தெரியாதா?"

"பயந்துட்டேன் மதினி. வேற ஒண்ணுமில்ல. பயம்."

"இப்ப இத எதுக்குக் கூட்டிட்டு வந்த?"

சமோ சின்ன மகளின் தலைத்துணியைச் சரிசெய்தான். அவன் கையில் களிமண் வெடிப்புகள் இல்லை. கழுவிவிட்ட மாதிரி வெள்ளையாக இருந்தது. சக்கரம் சுற்றி வெகு நாளாகியிருக்க வேண்டும்.

"ஒரு புள்ளைய வாங்கிட்டுப் போனவன். வெறுங்கையோட எப்படி வந்து நிப்பேன்? ஒண்ணு வராம ஒண்ண விடமாட்டேன்னுட்டானுங்க. எம்பொண்டாட்டி எந்திரிச்சே நாலு மாசமாகுது, வீட்டப் பாக்க மூத்தவ வேணும். அப்பறம்..." அவன் குரலைத் தாழ்த்தினான். "வண்டிய இந்தப் பக்கம் விடமாட்டேங்கிறானுங்க மதினி. மேட்டுல பானை குமிஞ்சு கெடக்கு, தின்ன கோதுமை இல்ல. ஓட்ஸு ரொட்டியில மரத்தூள் கலக்குறோம். இங்கன்னா இதுக்கு வயிறாவது நெறையும்."

"இவ அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். படுத்தபடியே அவதான் தலை பின்னிவிட்டா."

ஏட்டு பூட்ஸ் சத்தத்தோடு திரும்பி வந்தார். அன்றைக்கு அவருக்கு நல்ல மனநிலை. "ஆச்சு, எல்லாம் சரி. யம்மா, இதுதானே ஒம்பொண்ணு யூதித்?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் கட்டை எழும்பாது. ஜோஃப்கா தன் அம்மாவை இனிப் பார்க்கமாட்டாள். அதோடு, என் மகள் செத்துப்போனாள் என்பதை இந்தப் பாலத்தில், இந்த மீசைக்காரனிடம், தன் வாயால் சொல்ல வேண்டும். லீதியாவால் அது மட்டும் முடியவில்லை.

"ஆமா," என்றாள். "எம்பொண்ணுதான்."

"இத்துனூண்டா இருக்கு! நம்ம பாஷ பேசுமா?"

"மறந்திருக்கும்."

"அதானே. எங்கக்கா மகனும் இப்படித்தான், மேட்டுலருந்து வந்து ஒரு மாசம் ஆடு மாதிரி முழிச்சான்." ஏட்டு தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக் கட்டையைத் தூக்கினார். "ம், மாத்திக்கங்க, மாத்திக்கங்க. சீக்கிரம்."

ஜோஃப்கா நகரவில்லை. லீதியாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "பெரியம்மா, நான் போகல. அவ சின்னப்புள்ள, அவள அனுப்பிடுங்க. நான் இங்கயே இருக்கேன்."

"சத்தம் போடாத. ஒங்கம்மாவுக்கு முடியலயாம்."

"யூதித்..."

"போன்னேன்ல!" இரண்டு வருஷத்தில் லீதியா அவளிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கட்டியிருந்த கையைப் பிரித்து முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

பாலத்தின் நடுவில் அக்காவும் தங்கையும் எதிரெதிரே வந்தார்கள். ஜோஃப்கா குனிந்து பெத்காவின் காதில் ஏதோ சொன்னாள். வராமல் அடம்பிடித்த பாஷை அப்போது வந்திருக்கும்போல. பெத்கா தலையாட்டியது. சமோ லீதியாவைப் பார்த்து இடுப்புவரை குனிந்தான். பிறகு மூத்தவளை இழுத்துக்கொண்டு பனிக்குள் போனான். கட்டை இறங்கியது.

லீதியா அந்தச் சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றோரமாக நடந்தாள். அழுகை வரவில்லை. அரசாங்கக் கணக்கில் யூதித் ஊர் திரும்பிவிட்டாள். இனி அவளுக்காகக் கோயில் மணி அடிக்கச் சொல்ல முடியாது. கறுப்புத் துணி உடுத்த முடியாது. பெற்றவள் அழுவதென்றால்கூட ஒளிந்துதான் அழ வேண்டும். இந்தக் கை யாருடையது, எதற்கு என் கைக்குள் இருக்கிறது என்று நினைத்தாள். உதறிவிடலாம் என்றும் வந்தது. யூதித்தோடு ஒரே கட்டிலில் கிடந்து எழுந்து வந்த கை. அது சில்லென்றிருந்ததால் மேலங்கிக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

தெருமுனையில் ஷாரா காத்திருந்தாள். "வந்துட்டாளா! ஏ யூதித், ஏ தங்கம்!" என்று ஓடிவந்து பெண்ணின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். முத்தமிடக் குனிந்தவள் அப்படியே நின்றாள். பெண்ணைப் பார்த்தாள், லீதியாவைப் பார்த்தாள்.

"எளச்சுப் போயிருக்கா," என்றாள் கடைசியில். "உள்ள கூட்டிட்டுப் போ. அவரு காத்துட்டிருக்காரு."

கெதெயோன் முகம் மழித்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். ஷாராதான் வந்து மழித்துவிட்டிருக்க வேண்டும். பெண் கதவருகே நின்றது. அவன் அதைப் பார்த்தான். குயவன் வீட்டில் ஒரு வருஷம் சமோவோடு ஒரே தட்டில் தின்றவன் அவன். சமோவின் மூக்கும், சமோவின் அம்மாவுக்கிருந்த அகன்ற நெற்றியும் நேரில் வந்து நின்றால் அவனுக்குத் தெரியாதா?

அவன் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அந்தப் பெண்ணின் பாஷையில் ஏதோ கேட்டான். காலையிலிருந்து ஒரு சொல்லும் புரியாமல் நின்ற பெண்ணுக்கு முகம் மலர்ந்தது. கட்டிலருகே வந்து மளமளவென்று பேசியது. லீதியாவுக்கு அதில் பெத்கா என்ற பெயர் மட்டும் காதில் விழுந்தது. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"லீதி."

"ம்."

"எப்ப?"

"அந்தக் காய்ச்சல்ல. போன ஒடனேயே."

கெதெயோன் கொஞ்ச நேரம் இருமினான். ஜன்னல் பக்கம் பார்த்தான். "சைபீரியாவுல பனியில பக்கத்துல படுத்தவன் விறைச்சுக் கெடப்பான். நான் மட்டும் எந்திரிப்பேன். நம்ம புள்ளைக்காகத்தான் எந்திரிக்கிறோம்னு நெனச்சுட்டிருந்தேன் லீதி. அப்பவே அவ இல்ல."

லீதியா அப்போதுதான் அழுதாள். முந்தானை இல்லாத தேசம். இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். பெண் பயந்துபோய் ஒரு அடி பின்னால் நகர்ந்தது.

"அழாத. புள்ள பயப்படுது," என்றான் அவன். "பசிக்குதாம் அதுக்கு. நேத்துலருந்து ஒண்ணும் திங்கலையாம்."

லீதியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலையில் யூதித்துக்காகச் செய்து வைத்ததைத் தட்டில் போட்டாள். கசகசாவும் சர்க்கரையும் மேலே தாராளமாகத் தூவியிருந்தது. பெண் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நிமிராமல் தின்றது. அதன் தொண்டை ஏறி இறங்குவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதித் தட்டு காலியானதும், வாய் நிறைய வைத்துக்கொண்டு கெதெயோனிடம் ஏதோ கேட்டது. அவன் பதில் சொன்னான். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"என்ன கேக்குது?"

"எப்ப வீட்டுக்குப் போறதுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மாத்துப்புள்ள கேட்டா என்ன சொல்லுவாங்க? அதத்தான் சொன்னேன். அடுத்த மிக்கேல் நாளைக்குன்னு."

பெண் அதை நம்பியது. ஒரு வருஷம்தானே என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு மீதியைத் தின்ன ஆரம்பித்தது.